தூசு உறிஞ்சியின் இரைச்சலும் அதனைத் தணிக்கும் நெறியும்

உயிர்க்கு உறுதுணையாவது வளி. மொழிக்கு முதலாவதும் அதுவே. உந்தியிலிருந்து எழுகின்ற காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாய்ப் பிறக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கிச் சென்றார். அவ்வியலை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்து வரும் யான், வீட்டிலுள்ள ஒரு பொறியின் இரைச்சலை விளங்கிக்கொள்ளுதற்கும் அதுவே துணைசெய்யும் என ஒருகாலும் எண்ணினேனல்லன். அவ்வாறு எண்ண நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறி, பின்னர்ப் பொருளுட் புகுவல்.

சில ஆண்டுகளின் முன், வெளிநாட்டில் வாழும் என் தமையனார் விடுமுறைக்கு வந்தபோது தூசு உறிஞ்சும் மின்பொறி ஒன்றைக் கொணர்ந்தார். வக்கியூம் கிளீனர் எனப் பலரும் வழங்குவது அதுவே. எம் அன்னையார் தொய்வு நோயுடையவர். சோளகக் காற்று வீசுங் காலத்து வன்னியின் புழுதி, கதவடைத்த வீட்டினுள்ளும் புகுந்து படியும். தும்புத்தடியாற் கூட்டினால் அது மீண்டும் எழும்பி அவர் மூச்சை அடைக்கும். இப்பொறி அவர் இடரைத் தீர்க்கும் என்று மகிழ்ந்தோம்.

முதல்நாள் ஆளியை அழுத்தியதும் பொறி உறுமி, பின் வீரிட்டது. அடுக்களையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னையார் சுளகை அவ்விடத்தே போட்டுவிட்டு, பேரனின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்கு ஓடினார். 2008 ஆம் ஆண்டில் எமது பதுங்குகுழி இருந்த இடம் அது. குழி தூர்க்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. அவர் கால்கள் மட்டும் அதனை மறந்தில. "நிப்பாட்டு மோனை, அந்தக் கிபிரை!" என்று அவர் கூவிய குரல் இன்னும் என் செவியில் உளது. பொறியைப் பெட்டியிலிட்டு மூடினோம். தும்புத்தடி மீண்டது, தொய்வும் மீண்டது.

மூச்சுக்கு வேண்டிய பொறி நெஞ்சுக்கு ஆகாததாயிற்று. இவ்விரண்டையும் இசைவிக்க வழியுண்டோ என்று கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடம் வினவினேன். அவர்பாற் கற்றனவும் பின்னர் யானே நூல்களிற் பயின்றனவும் ஈண்டுத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

பொறியின் வரலாறு

இரைச்சல் இப்பொறியுடன் உடன்பிறந்தது. 1901 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொறியியலாளர் ஹியூபேர்ட் செசில் பூத் என்பார் அமைத்த முதற் பொறி வீட்டினுள் நுழையக்கூடியதன்று. பெற்றோல் எந்திரத்தால் இயங்கிய அதனைக் குதிரை பூட்டிய வண்டியிலேற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சாளரத்தின் வழியே உள்ளே செலுத்தித் தூசை உறிஞ்சினர். 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்துக் கம்பளங்கள் இவ்வாறே தூய்மை செய்யப்பட்டன. அதன் பேரொலியால் தெருவிற் சென்ற வண்டிக் குதிரைகள் மிரண்டன என முறைப்பாடுகளும் எழுந்தன.

ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க மின்பொறிக்கு 1908 இல் ஆக்கவுரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மறே ஸ்பங்லர் என்பவர். அவர் கடையொன்றிற் கூட்டித் துப்புரவு செய்யும் பணியாளர், தொய்வு நோயாளர். துடைப்பம் எழுப்பிய தூசே அவரை இம்முயற்சிக்கு ஏவிற்று. அவர் உரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தினரின் பெயராலேயே பின்னர் அப்பொறி ஆங்கில நாட்டிற் பெரிதும் வழங்கலாயிற்று. எம் அன்னையாரின் நோயும் அப்பொறியை ஆக்கியவரின் நோயும் ஒன்றென அறிந்தபோது, அதனைப் பெட்டிக்குள் வாளாவிடுதல் தகாதெனத் துணிந்தேன்.

ஒலி பிறக்கும் வகை

பொறியினுள் மின்மோட்டர் ஒன்றும், அதன் அச்சிற் பொருந்திய விசிறித் தட்டும் உள. விசிறி சுழன்று காற்றை வெளியே தள்ள, உள்ளே அமுக்கம் குறைகின்றது. குறைந்த இடத்தை நிரப்பப் புறத்துக் காற்றுத் தூசையும் வாரிக்கொண்டு குழாய்வழி விரைகின்றது. தூசு பையிலோ கலத்திலோ தங்க, காற்று வடியைக் கடந்து பின்புறத்தால் வெளியேறுகின்றது. கொல்லனின் துருத்தி காற்றை ஊதும். இது காற்றை இழுக்கும். இரண்டும் ஓரினத்தனவே.

வீட்டுப் பொறிகளின் மோட்டர் நிமிடத்துக்கு 30,000 முறை வரை சுழல்வதுண்டு. அஃதாவது செக்கனுக்கு 500 முறை. விசிறியில் 9 இதழ்கள் இருப்பின், அருகே அசையாது நிற்கும் விளிம்பொன்றைச் செக்கனுக்கு 4,500 இதழ்கள் கடக்கும். ஒவ்வோரிதழும் கடக்கும்போது காற்று ஒருமுறை நெருக்குண்டு விடுபடுதலால், 4,500 அதிர்வுடைய கீச்சொலி பிறக்கும். மனிதச் செவி செக்கனுக்கு 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளையே மிகக் கூர்மையாகக் கேட்கும். பொறியின் கீச்சொலி அவ்வெல்லையினுள் விழுதலே அது நெஞ்சைத் துளைத்தற்குக் காரணமாம்.

இதனோடு வேறு மூன்று ஒலிகளும் சேரும். காற்றுக் கொந்தளித்தலால் எழும் "உஸ்" என்னும் இரைச்சல் ஒன்று. மோட்டரின் நடுக்கம் உடற்கூட்டிற் பரவி எழுப்பும் உறுமல் ஒன்று. வெளியேறுங் காற்று குறுகிய துளைகளிற் பாய்தலால் எழும் சீறல் ஒன்று. நோயின் முதல் நாடி மருந்து செய்வதுபோல, எவ்வொலி எங்குப் பிறக்கின்றது என்று அறிந்தே அதனைத் தணித்தல் வேண்டும்.

எழுத்தியல் காட்டும் உவமை

இனிப் பிறப்பியலை நினைவுகூர்வாம். பகரத்தை ஒலிக்கும்போது இதழிரண்டும் இறுக மூடித் திடீரெனத் திறக்கின்றன. ஆதலின் அது வல்லென்று பிறக்கின்றது. மகரத்திலும் அவ்விதழ்களே மூடுகின்றன. ஆயின் காற்றுக்கு மூக்கின்வழி வேறொரு போக்கு அமைதலின் அது மெல்லென்று பிறக்கின்றது. யகரத்திலோ நாவானது அண்ணத்தை அணுகியும் இடைவெளி விட்டு நிற்றலின் அது இடைப்பட்டு ஒலிக்கின்றது. காற்றைத் திடீரெனத் தடுத்தல் வன்மை. அதற்கு விரிந்த வழி கொடுத்தலும் இடைவெளி விடுதலும் மென்மை. பொறியியலார் செய்வதும் இதுவே. பொறியின் வல்லினத்தை அவர் மெல்லினமாகவும் இடையினமாகவும் மாற்ற முயல்கின்றனர்.

தணிக்கும் நெறிகள்

முதலாவது நெறி, வேகத்தைக் குறைத்தல். விசிறியின் ஒலிவலு அதன் வேகத்தை ஐந்துமுறை அடுக்கிப் பெருக்கிய அளவில் ஏறத்தாழ மாறும். வேகம் பாதியாயின் ஒலிவலு முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். அஃதாவது 15 தெசிபெல் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைப்பினும் ஏறத்தாழ 5 தெசிபெல் குறையும். தெசிபெல் என்பது கூட்டற் கணக்கன்று. 3 தெசிபெல் ஏறினால் ஒலிவலு இருமடங்கு. 10 ஏறினால் பதின்மடங்கு. ஆயினும் 10 ஏறியதைச் செவி ஏறத்தாழ இருமடங்காகவே உணரும்.

வேகம் குறையின் உறிஞ்சும் ஆற்றலும் குறையாதோ எனின், குறையும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றோட்டமும் அவ்வளவே குறையும். உறிஞ்சும் அமுக்கமோ நூற்றுக்கு 64 ஆகும். ஆகவே, காற்று ஒழுகாத மூட்டுக்களும் நிலத்தோடு நன்கு பொருந்தும் வாயும் அமைத்து, குறைந்த வேகத்திலேயே வேலையை முடித்தல் நல்ல பொறியின் இலக்கணமாம். கூச்சல் மிக்கது வேலை மிக்கது என்று எண்ணுதல் பேதைமை.

இரண்டாவது நெறி, விசிறி இதழுக்கும் அதனைச் சூழ்ந்த நிலைத்தகடுகளுக்கும் இடையே போதிய வெளி விடுதல். அவற்றின் தொகையையும் ஆய்ந்து அமைத்தல் வேண்டும். 9 இதழும் 18 தகடும் இருப்பின், ஒன்பது இதழும் ஒரே கணத்தில் ஒன்பது தகடுகளைக் கடக்கும். ஒன்பது அடியும் ஒருங்கே விழும். தகடுகள் 17 ஆயின், ஒரு கணத்தில் ஓரிதழே ஒரு தகட்டைக் கடக்கும். அடிகள் பிரிந்து விழும். பொதுக் காரணி இல்லாத எண்களைத் தெரிந்துகொள்ளும் இந்நுட்பம், எண்கணிதம் பயிலும் சிறார்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவது நெறி, நடுக்கத்தை மோட்டரின் அளவிலேயே நிறுத்துதல். மோட்டரை உடற்கூட்டில் நேரே முடுக்காது இறப்பர்த் தாங்கிகளின்மேல் இருத்தினால் உறுமல் கூட்டிற் பரவாது.

நான்காவது நெறி, ஒலியை உறிஞ்சும் பஞ்சு அமைத்தல். பஞ்சின் தடிப்பு அலைநீளத்தின் காற்பங்கை அணுகும்போது அது நன்கு பயன்படும். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் எனக் கொள்ளின், 4,500 அதிர்வுடைய கீச்சொலியின் அலைநீளம் ஏறத்தாழ 7.6 சென்ரிமீற்றர், அதன் காற்பங்கு 2 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அத்துணைப் பஞ்சைப் பொறியினுள் வைத்தல் எளிது. 100 அதிர்வுடைய உறுமலுக்கோ அலைநீளம் 3.4 மீற்றர், காற்பங்கு 85 சென்ரிமீற்றர். அத்தடிப்புள்ள பஞ்சை எவ்வீட்டுப் பொறியும் கொள்ளாது. கீச்சொலிக்குப் பஞ்சும் உறுமலுக்கு இறப்பருமே ஏற்ற மருந்து என்பது இதனாற் பெறப்படும்.

ஐந்தாவது நெறி, காற்று வெளியேறும் வாயை அகலமாக்கி, வழியை வளைத்துவிடுதல். தடையில் மோதும் காற்றின் ஒலிவலு அதன் வேகத்தை ஆறுமுறை அடுக்கிய அளவில் ஏறத்தாழ மாறும். வாயை இருமடங்கு அகலமாக்கினாற் காற்றின் வேகம் பாதியாகும்; அவ்வாயிற் பிறக்கும் சீறல் 18 தெசிபெல் அளவு தணியும். மகரத்துக்கு மூக்குவழி திறந்தது போன்றது இது.

இந்நெறிகள் கைவரப்பெற்ற பின்னரே சட்டமும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டெம்பர் முதலாம் நாள் தொடக்கம் வீட்டுத் தூசு உறிஞ்சிகளின் ஒலிவலு 80 தெசிபெலைத் தாண்டலாகாது எனவும், மின்வலு 900 உவாற்றிலும் குறைந்திருத்தல் வேண்டும் எனவும் விதித்தது. ஒலியும் மின்செலவும் ஒருங்கே குறைதல் கூடும் என்பதற்கு இவ்விதியே சான்று.

இல்லத்திற் செய்யத்தக்கன

ஆக்கியோர் செய்யவேண்டியவை அவை. வாங்கியோர் செய்யக்கூடியவையும் சிலவுள. பையை நிரம்பவிடாது வெறுமையாக்குக. வடியைத் துப்புரவு செய்க. கழுவத்தக்கதாயின் கழுவி முற்றும் உலர்த்தியே பூட்டுக. வழி அடைபட்டால் விசிறி தள்ளவேண்டிய காற்றுக் குறைந்து, மோட்டர் முன்னிலும் விரைவாகச் சுழன்று மேலும் வீரிடும். ஆகவே குரல் ஏறுவது அடைப்பின் அறிகுறியாம். குழாயில் வெடிப்பிருந்தாற் சீழ்க்கை எழும், அதனை ஒட்டுக. தளர்ந்த திருகாணிகளை முடுக்குக. வேகம் குறைக்கும் திருகி இருப்பின் அதனைப் பயன்படுத்துக. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை எறிந்து பெருக்கும். தரையிற் பாயும் சாளரத்தில் திரையும் இருப்பின் எதிரொலி சற்று மங்கும். ஒன்று மட்டும் செய்யற்க: இரைச்சல் குறையும் என்று காற்று வெளியேறும் வாயைத் துணியால் அடைத்தல் கூடாது. பல பொறிகளில் அக்காற்றே மோட்டரைக் குளிர்விப்பது. அது தடைப்படின் மோட்டர் எரியும்.

நண்பரும் யானும் எம் பொறியைத் திறந்து பார்த்தபோது ஒரு திருகாணி தளர்ந்திருந்தது, வடி அடைபட்டிருந்தது. இரண்டையும் சீர்செய்து, வேகத்தையும் தாழ்த்தினோம். வீரிடல் அடங்கிற்று, எஞ்சியது ஓர் உறுமல். அதனையும் அன்னையார் அஞ்சுவரோ என்று தயங்கியபோது நண்பர், "அம்மாவின் கையிலேயே ஆளியைக் கொடுங்கள்" என்றார். எதிர்பாராது வரும் ஒலியும் நிறுத்த இயலாத ஒலியுமே மனத்தை மிக வருத்தும். தன் கையால் எழுப்பித் தன் கையால் நிறுத்தும் ஒலி அத்துணை வருத்தாது என்பது உளவியலார் ஆய்ந்து கண்டது. அன்னையார் முதல்நாள் ஆளியை அழுத்தி உடனே நிறுத்தினார். மீண்டும் அழுத்தினார், நிறுத்தினார். மூன்றாம் முறை நிறுத்தவில்லை. இன்று அவர் அறையை அவரே தூய்மை செய்கின்றார். வானத்திலிருந்து வந்த ஒலியை நிறுத்த அன்று அவருக்கு ஆளி இருந்ததில்லை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

ஒலியை அளந்தறிதல் நமக்குப் புதிதன்று. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலானந்த அடிகளார், பண்டை யாழின் நரம்புகளைக் கணித நெறியால் ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். இன்னொலியை ஆராய்ந்த அவ்வழியில் வன்னொலியை ஆராய்தலும் நம் மாணவர்க்கு உரிய கடனாம். விசிறி, நீரிறைக்கும் பொறி, அரைக்கும் ஆலை ஆகிய யாவும் இக்கணக்குக்கு உட்பட்டனவே.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் கல்லூரிக்கும் தம் இல்லங்களுக்கும் பொறிகள் அனுப்பி உதவுகின்றனர். அவர்தம் அன்பை யாம் மறவேம். அவர்பால் வேண்டுவது ஒன்றே: விலையையும் வலுவையும் பார்ப்பதோடு, பொறியின் கைந்நூலிற் குறித்த தெசிபெல் அளவையும் பாருங்கள், கூடுமாயின் அதனை இயக்கிக் காதாற் கேட்டபின் அனுப்புங்கள். அது சென்று ஒலிக்கப்போவது வன்னி மண்ணிலுள்ள ஒரு வீட்டில் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!