ஆளில்லாத நேரத்தில் ஓடும் தண்ணீர்



நமது அறக்கட்டளையின் வணிக வளாகத்தில் மூன்று தளங்களும், 22 கடைகளும் அலுவலகங்களும் இருப்பதை அறிவீர்கள். விதவையர் உதவித்தொகை, மருத்துவ உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி எல்லாம் அந்த வாடகையிலிருந்துதான் போகின்றன. சென்ற ஜூன் மாதம் கல்வி உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களில் ஐந்தை, நிதி இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். ஒருவருக்கு 10,000 ரூபாய் வீதம் 50,000 ரூபாய் கையில் இல்லை. அதே வாரம் கோடைக்காலக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த பொருளாளர், தண்ணீர் லாரி ரசீதுகளை மேசையில் அடுக்கிவிட்டு, "இவ்வளவு தண்ணீரையும் யார் செலவழித்தது?" என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

முதலில் எங்களுக்குத் தோன்றியது, வளாகத்திற்கு வருகிறவர்கள் வீண் செய்கிறார்கள் என்பதுதான். கழிப்பறைக் கதவுகளில் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று நோட்டீஸ் ஒட்டினோம். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் செய்தோம். லாரியின் எண்ணிக்கை குறையவில்லை.

பிறகு, பிளம்பிங் வேலை தெரிந்த நமது மஹல்லா சகோதரர் ஒருவரின் யோசனைப்படி, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பைப்பில் ஒரு மீட்டர் பொருத்தினோம். கட்டடம் கட்டி இத்தனை ஆண்டுகளில் மின்சாரத்திற்குக் கடைக்கு ஒரு மீட்டர் வைத்த நாங்கள், தண்ணீருக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. ஒரு நாள் செலவு 9,100 லிட்டர் அளவில் காட்டியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அலுவலகக் கட்டடங்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று கணக்கிடுகிறது. நமது வளாகத்தில் தினமும் வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய 110 பேர். அந்தக் கணக்கில் 5,000 லிட்டருக்குள் முடிய வேண்டும். வந்து போகிறவர்களைச் சேர்த்தாலும் இடைவெளி மிக அதிகம்.

அந்தச் சகோதரர் சொன்ன அடுத்த சோதனைதான் எங்கள் கண்ணைத் திறந்தது. இரவு பத்தரை மணிக்கு எல்லாக் கடையும் பூட்டியபின் மீட்டரைக் குறித்துக்கொண்டோம். காலை ஆறரைக்கு, ஒரு கடையும் திறக்குமுன் மறுபடி பார்த்தோம். அந்த எட்டு மணி நேரத்தில் 1,360 லிட்டர் போயிருந்தது! உள்ளே காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. மணிக்கு 170 லிட்டர், ஒரு நாளைக்கு 4,080 லிட்டர். நாங்கள் யாரைக் குறை சொல்லி நோட்டீஸ் ஒட்டினோமோ அவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஓடிய தண்ணீர் அது.

எங்கே ஓடியது என்று தேடினோம். தரைத்தளத்து ஆண்கள் கழிப்பறையில் நான்கு யூரினல்களுக்கு மேலே துளையிட்ட ஒரு பைப் உண்டு. அதன் வால்வின் கைப்பிடி உடைந்துபோனதால் வால்வு பாதி திறந்தபடியே இருந்தது. நாற்றம் வராமல் இருக்கட்டும் என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பார்த்ததில் 40 விநாடியில் நிரம்பியது. மணிக்கு 90 லிட்டர்! நாங்கள் பாட்டிலும் கையுமாக நின்றதைப் பார்த்து, கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மா, "பாய், இதத்தான் ரம்ஜானுக்கு முந்தியே வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். ராத்திரியெல்லாம் ஓடுதுன்னு ரெண்டு தரம் சொன்னேன்" என்றார்.

அப்படியானால் கோடை முழுவதும் ஓடியிருக்கிறது. போர் கைவிட்டுவிட்ட மாதங்கள் அவை; ஓடிய ஒவ்வொரு லிட்டரும் லாரித் தண்ணீர். மூன்று மாதத்திற்குக் கணக்குப் போட்டால் இந்த ஒரு பைப்பில் மட்டும் 1,94,400 லிட்டர் போயிருக்கிறது. 12,000 லிட்டர் லாரியில் 16 லோடு. லோடு 1,800 ரூபாய் என்று நாங்கள் கொடுத்த விலையில் 28,800 ரூபாய். திருப்பி அனுப்பிய ஐந்து பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேரின் உதவித்தொகை உடைந்த ஒரு கைப்பிடியின் வழியே சாக்கடைக்குப் போய்விட்டது. வக்ஃபு செய்தவர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானத் இது. இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கணக்கை உங்களிடம் மறைப்பதற்கில்லை. அந்த ஐவரில் ஒரு மாணவி கல்லூரியில் சேராமல் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தோம். அவருடைய தாயாரைச் சந்தித்து வருகிற ஆண்டுக்கான விண்ணப்பத்தை இப்போதே வாங்கி வைத்திருக்கிறோம். இழந்த ஒரு வருடத்தை எங்களால் திருப்பித் தர முடியாது.

மீதி 80 லிட்டர் எங்கே என்பதைக் கண்டுபிடிக்கச் செலவு ஐந்து ரூபாய்தான். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டுக் கலக்கிவிட வேண்டும். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கோப்பையைப் பார்த்தால், டேங்க் கசிகிறதென்றால் உள்ளே நிறம் இறங்கியிருக்கும். கோப்பையின் பின்சுவரை ஒட்டி வழிவதால் இந்தக் கசிவு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இரண்டாம் தளத்தில் இரண்டு டேங்குகளில் நிறம் இறங்கியது. உள்ளே அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் உப்புத் தண்ணீரில் தடித்து வெடித்திருந்தது. இரண்டையும் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் கேசரி பவுடர் சோதனையைத் தாய்மார்கள் உங்கள் வீட்டிலும் இன்றே செய்து பார்க்கலாம். மீட்டர் உள்ள அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் இரவுச் சோதனையையும் செய்யலாம்.

யூரினல் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் நாற்றம் வராது என்பது தவறான எண்ணம். சிறுநீரும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வடிகாலில் படியும் வெள்ளைப் படிவத்திலிருந்துதான் நாற்றம் பெரிதும் வருகிறது. தினமும் தேய்த்துக் கழுவி அதை எடுத்துவிட்டால் போதும். இப்போது அந்தப் பைப்பை அகற்றிவிட்டு, ஒவ்வொரு யூரினலுக்கும் அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் வால்வு போட்டுள்ளோம். பக்கத்தில் சுத்தம் செய்துகொள்ளச் சிறு குழாயும் உண்டு. அந்தக் குழாயை வைக்க வேண்டாம் என்று சிலர் கருத்துச் சொன்னார்கள். நாங்கள் ஏற்கவில்லை. சிறுநீரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளாதவர் கப்ரில் வேதனை செய்யப்படுவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை நாம் அறிவோம். இஸ்தின்ஜாவுக்கு வேண்டிய தண்ணீரைக் குறைப்பது சிக்கனம் ஆகாது.

அடுத்து குழாய்கள். வாஷ்பேசின் குழாய் ஆறு விநாடியில் ஒரு லிட்டர் கொட்டியது. கை கழுவ அவ்வளவு வேகம் எதற்கு? குழாயின் வாயில் ஏரேட்டர் என்ற சிறிய வலைமூடியை மாட்டினோம். காற்றைக் கலந்து விடுவதால் தண்ணீர் நிறைய வருவது போலவே இருக்கும், ஆனால் ஒரு லிட்டர் வர இப்போது 20 விநாடி ஆகிறது. நமதூர் உப்புத் தண்ணீரில் இது சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும்; கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்ட வேண்டும். வாளி நிரப்பும் குழாயில் இதைப் போட்டுப் பயனில்லை. வாளிக்கு வேண்டிய தண்ணீர் எப்படியும் அதே அளவுதான். நிரம்ப நேரமானால் திறந்துவிட்டு நகர்ந்துவிடுவோம், வாளி வழிந்துகொண்டிருக்கும். நாங்களும் முதலில் எல்லாக் குழாயிலும் மாட்டிவிட்டுப் பிறகு கழிப்பறைகளுக்குள் இருந்ததை எல்லாம் கழற்றினோம்.

பழைய பத்து லிட்டர் ஃப்ளஷ் டேங்கில் செங்கல்லைப் போடுவது பலர் சொல்லும் யோசனை. செய்யாதீர்கள். செங்கல் ஊறிக் கரைந்து அந்தத் தூள் வாஷரில் சிக்கி, மிச்சப்படுத்தியதைவிடக் கூடுதலாகக் கசியும். தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் ஒரு தடவையில் போகாமல் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய நேரிடும். புதிதாக மாற்றுகிறவர்கள் இரண்டு பட்டன் உள்ளதை வாங்குங்கள். சிறிய பட்டனுக்கு மூன்று லிட்டர், பெரியதற்கு ஆறு லிட்டர் என்பது பொதுவான அளவு.

மேல்தளத் தொழுகை அறையின் உளூக் குழாயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டியூஷன் சென்டருக்கு வரும் ஒரு தம்பியிடம், "வழக்கம்போல் உளூச் செய்யப்பா" என்று சொல்லி, கீழே வாளியை வைத்தோம். 11 லிட்டர் சேர்ந்தது. குழாயைப் பாதி மட்டும் திறந்து, தலைக்கு மஸ்ஹு செய்யும்போது மூடிவிட்டு மறுபடி செய்தார். மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தது ஒரு முத்து அளவு தண்ணீரில். அது முக்கால் லிட்டரை ஒட்டிய அளவு. மத்ஹபுகளின் கணக்கில் சற்றுக் கூடும், குறையும். குளிப்புக்கு ஒரு ஸாஉ போதும் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் சொன்னபோது, எனக்குப் போதாதே என்றார் ஒருவர். உன்னைவிடச் சிறந்தவருக்கும், உன்னைவிட அதிக முடி உள்ளவருக்கும் அது போதுமானதாக இருந்தது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் பதில் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. நம் பாட்டனார்கள் கெண்டியில் உளூச் செய்தவர்கள். குழாய் வந்தபின்தான் நமக்கு இந்தக் கை தாராளம் வந்தது.

அழுத்தினால் சில விநாடி வந்து தானே நிற்கும் குழாயை உளூவுக்குப் போடலாமா என்று யோசித்தோம். வயதானவர்கள் ஒரு கையால் அழுத்திக்கொண்டே கால் கழுவச் சிரமப்படுவார்கள் என்று விட்டுவிட்டோம். உளூ செய்த தண்ணீரைத் தனிப் பைப்பில் பிடித்து ஃப்ளஷுக்கு விடலாமா என்று ஹழ்ரத் அவர்களிடம் கேட்டோம். முஸ்தஃமலான தண்ணீர் மறுபடி உளூவுக்கு ஆகாதே தவிர அது அசுத்தமல்ல, கழிவைத் தள்ளவும் செடிக்கு ஊற்றவும் தடையில்லை என்றார்கள். பைப் வேலைக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.

மோட்டாரைப் போட்டுவிட்டு அஸருக்குப் போய், தொட்டி வழிய வழியத் திரும்பி வருவதும் நம் வளாகத்தில் உண்டு. இதை யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தொட்டி நிரம்பினால் தானே நிறுத்தும் கருவி இப்போது போட்டாகிவிட்டது.

இதெல்லாம் வெறும் பணக் கணக்கு அல்ல. 2019ஆம் ஆண்டு புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கோடையிலும் பல நாட்கள் மாலை நான்கு மணிக்கே நம் தொட்டி காலியானது. ஆண்கள் பள்ளிவாசலுக்கோ வீட்டுக்கோ போய்விட்டார்கள். தையல் வகுப்புக்கு வரும் பெண்கள் எங்கே போவார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாக ஆசிரியை சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கீழே ஒரு குழாய் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்கள் அவை.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஒரு நாள் செலவு 4,600 லிட்டர் அளவில் நிற்கிறது. கடைசி இரவுச் சோதனையில் 20 லிட்டர் காட்டியது. அதையும் தேடிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளக் கழிப்பறை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்தக் குழாய் ஒழுகினாலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் வாட்ச்மேன் எழுதிக்கொள்ள வேண்டும், மூன்று நாளில் சரிசெய்து செயலாளர் கையெழுத்திட வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் முதல் வரியை எழுத வைத்தவர் கழிப்பறை சுத்தம் செய்யும் அந்த அம்மாதான். மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று மீட்டர் அளவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், இன்ஷா அல்லாஹ். கடைக்காரர்கள் தங்கள் உள்கழிப்பறைகளில் கேசரி பவுடர் சோதனை செய்து, இம்மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் தெரிவிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம். வாஷர் மாற்றும் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும்.