எது கடைசித் தேதி? – விசாவைப் படிக்க ஒரு பாடம்

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வேற்று நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். வீட்டுக்கு வரும்போது அவர் நமக்கு உறவு, சட்டத்திற்கோ வெளிநாட்டவர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்.

போர்ட் கொச்சியில் எங்கள் வீட்டின் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். மட்டாஞ்சேரி யூதர் தெருவையும் 1568இல் கட்டிய ஜெபாலயத்தையும் பார்க்க வரும் வெளிநாட்டவர் எங்களிடம் தங்குவார்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களது பாஸ்போர்ட், விசா விவரங்களைச் ‘சி’ படிவத்தில் பதிந்துவிடுவேன். இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

2019இல் மலேசியாவின் கிள்ளானிலிருந்து அத்தை வந்தார். தஞ்சாவூரில் பிறந்து, மணமாகிப் போய், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அப்பா அப்போது படுத்த படுக்கை. தங்கை ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடிப்பார். “அண்ணன் எழுந்து உட்காரட்டும், போறேன்” என்று அத்தை தங்கிவிட்டார். அப்பா எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பெட்டி கட்டும்போதுதான் அவருடைய பாஸ்போர்ட்டை முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தேன்.

“விசா அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கேப்பா” என்றார் அத்தை. இருந்தது. ஆனால் கீழே, ஒவ்வொரு வருகையிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்றும் அச்சிட்டிருந்தது. வந்திறங்கி 102 நாட்கள் ஆகியிருந்தன.

முதல் பாடம் இதுவே. விசாவில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, எந்தத் தேதி வரை அந்த விசா செல்லும் என்பது. மற்றொன்று, ஒரு வருகையில் எத்தனை நாள் தங்கலாம் என்பது. இந்த நாள் கணக்கு, விமான நிலையத்தில் குத்தும் வருகை முத்திரையிலிருந்து ஓடத் தொடங்கும். இரண்டில் எது முந்தி முடிகிறதோ அதுவே கடைசித் தேதி.

இரண்டாவது பாடம், விதி நின்ற இடத்தில் நிற்பதில்லை என்பது. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் பிரஜைகள் அதன்படி வெளிநாட்டவர் அல்லர். 1957இல் வந்த திருத்தம், இந்தியக் குடிமகன் அல்லாத எவரும் வெளிநாட்டவரே என்றது. மட்டாஞ்சேரியிலிருந்து 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டவராகிவிட்டவர்களும், தாம் பிறந்த தெருவைப் பார்க்க விசா வாங்கித்தான் வர வேண்டியதாயிற்று.

அந்தப் பழைய சட்டத்தில், மிகையாகத் தங்கியவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. இதன்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இத்தண்டனையிலிருந்து விலக்கு அளித்துள்ளனர். விலக்கு என்பது குடியுரிமை அன்று என்பதையும் மறக்கலாகாது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018இலும் 2024இலும் பொது மன்னிப்பு அறிவித்து, அபராதமின்றி ஊர் திரும்ப வழிவிட்டார்கள். கொரோனா காலத்தில் இந்தியாவும், விமானமின்றிச் சிக்கியவர்களின் விசாவை 2021 செப்டம்பர் வரை கட்டணமின்றி நீட்டித்தது. இத்தகைய சலுகைகளுக்கும் தேதி உண்டு. ஒருவருக்கு அன்று கிடைத்தது நமக்கு இன்றும் கிடைக்கும் என்று எண்ணியிருக்கக் கூடாது.

அத்தை கதைக்கு வருகிறேன். கெடு தாண்டியவர், வெளியேறும் அனுமதி பெறாமல் விமானம் ஏற முடியாது. 2018 முதல் இதற்குக் கணினி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தில் தங்கிய இடத்துக்குச் சான்றாகக் கேட்டது என்ன தெரியுமா? ‘சி’ படிவம்! ஊரார்க்கெல்லாம் போட்ட நான், சொந்த அத்தைக்குப் போடவில்லை. போட்டிருந்தால் முதல் நாளே அந்த 90 நாள் வரி கண்ணில் பட்டிருக்கும். கெடு முடியுமுன் அண்ணனின் நோயைச் சொல்லி நீட்டிப்புக் கேட்டிருக்கலாம்.

அப்போது 90 நாள் வரையிலான தாமதத்திற்கு அபராதம் 300 டாலர். அதே ஆண்டு கல்கத்தா டெஸ்ட் பந்தயத்துக்கு வந்து, விசா முடிந்தபின்னும் தங்க நேர்ந்த வங்கதேச ஆட்டக்காரர் ஒருவர் 21,600 ரூபாய் கட்டினார். பணம் கட்டினோம், அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் கிள்ளானில் பேத்தியின் வளைகாப்பு முடிந்துவிட்டது. அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, உறவினர் வந்த அன்றே நான்கு காரியங்கள் செய்யுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி இரண்டு கணக்குகளையும் பாருங்கள். கடைசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ‘சி’ படிவத்தைப் பதியுங்கள். பழைய அனுபவத்தை நம்பாமல் அன்றைய விதியைக் கேட்டறியுங்கள். இந்தியாவில் பிறந்து வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு, 2005 முதல் வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை பெரும் உதவி. அதற்கு நாள் கணக்கு இல்லை.

அத்தை இப்போது அந்த அட்டையுடன் வருகிறார். வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிடுகிறார்.