பால் வெட்டிய கையில் துப்பாக்கி

டெலானிபூர்,
அந்தமான்.

அன்புள்ள கயல்,

நேதாஜியைப் பற்றிப் பள்ளியில் பேசப் போவதாக எழுதியிருந்தாய். 1943 டிசம்பர் 30 அன்று நம் ஊர் ஜிம்கானா மைதானத்தில் அவர் கொடியேற்றியதை எப்படியும் சொல்லிவிடுவாய். அபர்தீன் பஜாருக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் நீ எட்டிப் பார்த்த நேதாஜி ஸ்டேடியம்தான் அந்த இடம். மாமா ஒன்று கேட்கிறேன் கண்ணு: அவர் படையின் பின்வரிசையில் நின்றவனைப் பற்றியும் பேசு.

அந்த வரிசையில் நம் ஆட்கள் நிறைய. கங்காணி பேச்சைக் கேட்டு மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். விடியும் முன்னே பால் வெட்டப் போய், வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிய வாழ்க்கை. சிலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த நாட்டுக்காகத்தான் துப்பாக்கி எடுத்தார்கள்.

ஏன் எடுத்தார்கள்? தேசபக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. பக்தி இருந்தது, எனக்கு அதில் சந்தேகமில்லை. துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற அவமானமும் உள்ளே கனன்றது. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்த காலம் வேறு. போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். சீருடை போட்டால் அந்த ரயில் பாதைக்குப் போகாமல் தப்பலாம் என்று எண்ணிச் சேர்ந்தவர்களும் உண்டு. அதைச் சொல்வதால் அவர்கள் பெருமை குறையாது.

படையில் கட்டளையெல்லாம் இந்துஸ்தானி. நேதாஜி அந்த மொழியில் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்வார். வீட்டில் தமிழும் வாசல் தாண்டினால் இந்தியுமாக டெலானிபூரில் வளர்ந்த உனக்கு அவர்கள் திணறல் புரியும்.

1944-இல் இம்பாலில் போர். எதிரே நின்ற பிரிட்டிஷாரின் 14-ஆவது படையிலும் பெரும்பாலோர் இந்தியர்களே. இந்தப் பக்கம் தோட்டக் கூலியாய்ப் போனவன், அந்தப் பக்கம் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவன். உள்நாட்டுப் போர் என்று எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இது அண்ணன் தம்பிச் சண்டையாகத்தான் படுகிறது. மழை பிடித்துக்கொண்டது, அரிசி வரவில்லை, மலேரியா வந்தது. பின்வாங்கிய வழியெல்லாம் பசியிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள்.

போருக்குப் பிறகு நேதாஜி படையினர் மீது பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை விசாரணையில் முதலில் நின்ற ஷா நவாஸ் கான், ஸெகல், தில்லான் மூவரையும் நாடு கொண்டாடியது. மூவரும் அதிகாரிகள். தோட்டத்துச் சிப்பாய்களில் எத்தனையோ பேர் மலாயாவுக்கே போய், பழைய பால் வெட்டும் கத்தியைத்தான் கையில் எடுத்தார்கள்.

நம் தீவுக் கதையின் மறுபாதியையும் விட்டுவிடாதே. இங்கே நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் பொறுப்பேற்ற லோகநாதன் ஒரு தமிழர், மருத்துவர். ஆனால் போலீசைக்கூடத் தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அவர் கையில் கொடுக்கவில்லை. கொடியேறிச் சரியாக ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, உளவாளிகள் என்று பழி சுமத்தி 44 இந்தியர்களை ஹம்ஃப்ரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். கொடிக்குக் கைதட்டியவர்களும் அந்த 44 பேரில் இருந்திருப்பார்களோ என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

லீவுக்கு வரும்போது பேச்சுத் தாளைக் கொண்டு வா. முதலில் ஸ்டேடியம், அப்புறம் பஸ் பிடித்து ஹம்ஃப்ரிகஞ்ச். அங்கே நினைவிடத்தில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா