தலைப்பில் முதலில் வர வேண்டியவை

இணையக் கட்டுரையின் தலைப்பு கைபேசித் திரையில் பல நேரம் பாதியில் வெட்டுப்படும். ஊர், ஆள், தேதி மூன்றும் முன்னாலேயே வந்துவிட வேண்டும். ‘மீனவர்களுக்கு முக்கிய அறிவிப்பு’ எதையும் சொல்லவில்லை. ‘தூத்துக்குடி விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை’ என்றால் சேதி முழுதும் கிடைத்துவிடுகிறது. இடம் போதவில்லை என்று ‘விசை’யை வெட்டினால், தடையில்லாத நாட்டுப்படகுக்காரரும் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார்.

‘மீண்டும் முத்துக்குளிப்பா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே ‘இல்லை’ என்பது வெறும் தூண்டில். ‘தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றது ஏன்?’ என்று கேட்கலாம், கட்டுரை காரணத்தைச் சொல்வதாக இருந்தால்.

தேடுபவர் பெரும்பாலும் ‘தூத்துக்குடி துறைமுகம்’ என்றே தட்டுவார். தலைப்பில் அது இருக்கட்டும். 2011-இல் சூட்டப்பட்ட வ.உ.சிதம்பரனார் பெயர் முதல் வரியில் வரலாம்.