ஏலியனேசன்: கொடுத்ததா, பறித்ததா?



விசுவமடுவில் பெர்மிட் காணி செய்யும் ஒருவர் காலபோக விதைப்புக்கு முன்னர் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் எம்மிடம் வந்தார். உயர்தரம் படிக்கும் மகன் அகராதியைப் பார்த்து, "அப்பா, எங்கட காணியை அந்நியமாக்கிப் போட்டாங்களாம்" என்று சொல்லியிருக்கிறான். அன்று அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. கடிதத்தில் இருந்ததோ அக்காணி அவருடைய தகப்பனாருக்கு வழங்கப்பட்டது என்ற செய்திதான். பிள்ளையிலும் பிழையில்லை, அகராதியிலும் பிழையில்லை. சொல் அப்படிப்பட்டது.

அச்சொல் 'ஏலியனேசன்'. 'னே' என்ற அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். வினையாக வரும்போது 'ஏலியனேற்'. இலத்தீனில் 'அலியேனுஸ்' என்றால் பிறருக்குரியது. ஆகவே ஒன்றைப் பிறருக்குரியதாக்குவதே இதன் அடிப்படைப் பொருள். பொருளைப் பிறர் கைக்கு மாற்றினால் அது சட்டத்தின் ஏலியனேசன். மனதைப் பிறிதாக்கினால் உறவு முறிவு. கார்ல் மார்க்ஸ் 1844 இல் எழுதிய குறிப்புகளில் தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே பிரிந்து போவதைப் பேசினார். அதை நம் எழுத்தாளர்கள் 'அந்நியமாதல்' என்று தமிழாக்கினார்கள். மகன் கண்டது இந்தப் பொருளைத்தான்.

காணிக் கந்தோர்த் தமிழில் இதற்கு வேறு சொல் உண்டு: பராதீனம். பரர் என்றால் பிறர், அதீனம் என்றால் ஆட்சிக்குட்பட்டது. இலத்தீன்காரரும் நம்மவரும் ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள். ஆனால் பராதீனம் என்ற சொல்லும் வாசிப்பவருக்கு விளங்குவதில்லை என்பது எமது குறை.

பொருளைப் பிரித்தறிய ஓர் இலகுவான வழி, பின்னால் வரும் சிறு சொல்லைக் கவனிப்பதாகும். 'ரூ' வந்தால் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. 'புறொம்' வந்தால் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து பிரிந்தது அல்லது பிரிக்கப்பட்டது. இரண்டும் வராவிட்டால் யார் கொடுக்கிறார், யார் இழக்கிறார் என்று கேளுங்கள். இலங்கையில் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடியானவருக்குக் காணி வழங்குவதே ஏலியனேசன். இந்தியாவிலோ இதே சொல் பெரும்பாலும் இழப்பைக் குறிக்கும். 1900 ஆம் ஆண்டின் பஞ்சாப் காணிப் பராதீனச் சட்டம், உழவரின் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போவதைத் தடுக்க வந்தது. இங்கே கிடைத்தல், அங்கே இழத்தல்!

எதிர்ச்சொல் 'இன்-ஏலியனபிள்'. விற்கவோ கொடுக்கவோ பறிக்கவோ முடியாதது என்று பொருள். 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முன்னுரையில் உரிமைகளைப் பற்றியும், 1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரையில் மக்களின் இறைமையைப் பற்றியும் இச்சொல் வருகிறது.

பெர்மிட்காரருக்கு இச்சொல் இன்னோரிடத்திலும் வரும். கிடைத்த காணியை அவர் தாமே இன்னொருவருக்கு ஏலியனேற் செய்ய, அதாவது கைமாற்ற, நினைத்தால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கடையில் முத்திரை ஒட்டி எழுதிய கடதாசி போதாது. இதை அறியாமல் காசு கொடுத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

2009 ஜனவரியில் விசுவமடுவை விட்டு ஓடிய பலர் பெர்மிட்டையும் வழியில் இழந்தார்கள். மீளக்குடியேறியபின் காணிப் பிணக்குகளைத் தீர்க்க 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. பத்திரம் தொலைந்தவர் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டியது, தம் குடும்பத்துக்குக் காணி பராதீனப்படுத்தப்பட்டதற்கான பதிவு எங்கே என்பதையே. வாய்மொழியாகக் கேட்காமல், எழுதிக் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எம்மிடம் வந்தவரின் கடிதத்தில் 'ரூ' இருந்தது. அதற்கடுத்துத் தகப்பனாரின் பெயர். அதை மகனைக் கொண்டே மறுபடி வாசிப்பித்தோம். கடிதத்தின் கடைசி வரி பின்னுரித்தாளர் யார் என்று கேட்டிருந்தது. பயத்தில் அதை ஒருவரும் வாசித்திருக்கவில்லை.