குழைத்த மாவும் குழந்தையின் கல்வியும்



விதைப்பதற்கு முன் நிலத்தைக் கொத்திப் பண்படுத்த வேண்டும் என்று உங்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, 'அ' எழுது என்று வற்புறுத்தும்போது அந்த விதியை நாம் மறந்துவிடுகிறோம். காணியை இழந்த குடும்பத்துக்குக் கல்வி ஒன்றே எஞ்சியுள்ள முதுசொம் என்ற தவிப்பே இதற்குக் காரணம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முன்பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுள் மண் அளைந்து விளையாட ஒரு முற்றம்கூட இல்லாத பிள்ளைகளும் உண்டு. பெற்றோரின் தவிப்பு நியாயமானது. ஆயினும் எழுதப்போகும் கை முதலில் பிசைந்து பழக வேண்டும். இதுவே இப்பாடத்தின் கருத்து.

கை தயாராகும் விதம்

பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் அவை ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மாவை உருட்டும்போதும் கிள்ளும்போதும் திரிக்கும்போதும் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றுசேர்ந்து இயங்கப் பழகுகின்றன. பென்சிலைப் பிடிப்பவையும் இதே மூன்று விரல்கள்தாம். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் அம்மம்மாவின் அருகில் இருந்து, தானும் ஒன்று பிடிக்கும் பிள்ளை எழுதுவதற்கே ஆயத்தமாகிறது.

அறிவு வளரும் விதம்

சுவிற்சர்லாந்து அறிஞர் ஜோன் பியாஜே களிமண் உருண்டைகளைக் கொண்டு சிறுவரின் சிந்தனையை ஆராய்ந்தார். அதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு உருண்டைகளைக் காட்டுங்கள். இரண்டும் சமன் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பின், ஒன்றைப் பாம்புபோல நீளமாக உருட்டுங்கள். "இப்ப எதிலை மா கூட?" என்று கேளுங்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நீண்டதையே காட்டுவார்கள். இது மந்தம் அல்ல; வளர்ச்சியின் ஒரு படி. ஏசித் திருத்த வேண்டாம். உருட்டியும் நீட்டியும் மீண்டும் உருண்டையாக்கியும் பார்க்கும் பிள்ளை, உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பதைக் காலப்போக்கில் தானே கண்டுகொள்ளும். கணிதத்தின் அத்திவாரம் அதுவே.

மனம் ஆறும் விதம்

1996இல் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் நொந்த தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே கலையிலும் கதையிலும் விளையாட்டிலும் ஒன்றுசேர்ந்தார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும். பிள்ளை ஒரு வீட்டைச் செய்து உடனே நசுக்கினால் கண்டிக்க வேண்டாம். "இதைப் பற்றிச் சொல்லு, கேட்பம்" என்று அருகில் இருங்கள். சொல்லச் சொல்ல அதன் மொழியும் வளரும்.

செய்யும் முறை

கடையில் விற்கும் பிளே-டோ என்னும் விளையாட்டு மா, முன்னர் அமெரிக்காவில் சுவர்க்கடதாசியில் படிந்த கரியைத் துடைக்கும் பசையாக இருந்தது. பாலர் ஆசிரியை ஒருவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த பின்னரே, 1956இல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. அதை ஒத்த மாவை வீட்டிலேயே செய்யலாம்.

கோதுமை மா 2 கோப்பை, உப்பு 1 கோப்பை, எண்ணெய் 1 மேசைக்கரண்டி. தண்ணீரைச் சிறிது சிறிதாகவிட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை குழைக்கவும். நிறத்துக்கு மஞ்சள்தூள் அல்லது பீற்றூட் சாறு போதும். மூடிய பாத்திரத்தில் சில நாட்கள் வைத்திருக்கலாம். மணம் மாறினால் வீசிவிடவும்.

றொட்டிக்கே மா போதாத வீட்டில் அதை விளையாடக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். கொடுக்க வேண்டாம். களிமண் போதும். செம்பாட்டு மண் அவ்வளவாகப் பிடிபடாது. வயல் மண்ணும் குளத்து மண்ணும் நல்லவை. ஈரமண்ணைப் பென்சில் பருமனில் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காவிட்டால் அது உகந்த மண். கல், கண்ணாடி, வேர் நீக்கிக் குழைத்து, ஈரச் சாக்கால் மூடி வைக்கவும். சிரட்டை, ஈர்க்கு, புளியங்கொட்டை ஆகியவையே கருவிகள். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கொட்டைகளைக் கொடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

1. மண் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நன்கு தெரிந்த, பாவனையில் உள்ள நிலத்திலிருந்து பெரியவர்களே எடுத்து வாருங்கள். நெடுங்காலம் மூடிக் கிடந்து விடுவிக்கப்பட்ட காணிகளில் வெடிபொருள் எஞ்சியிருக்கக்கூடும்.
2. உப்பு மிகுந்த மாவைத் தின்ன விடாதீர்கள். அதிக உப்பு சிறு பிள்ளைக்கு ஆபத்தானது.
3. மலசலம் படும் இடத்து மண் வேண்டாம். விளையாடிய பின் சவர்க்காரத்தால் கை கழுவுவியுங்கள்.
4. நீங்கள் செய்துகாட்டி, "இதைப்போலச் செய்" என்று கட்டளையிடாதீர்கள்.

கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கியதாகத் தொடக்கநூல் கூறுகிறது. மண்ணில் அளைந்த கையை இழிவாக எண்ணாதிருப்போம். நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் பிள்ளைகள் அச்சமின்றி விளையாட இடம் எங்கே உண்டு?
2. முன்பள்ளிக்குக் களிமண் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது?
3. எழுதும்படி அவசரப்படுத்துவது பிள்ளையின் நன்மைக்கா, நமது மன ஆறுதலுக்கா?