தானாக வந்தவரும் அனுப்பி வந்தவரும்



மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று எத்தனையோ கூட்டங்களில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே மாதிரியான கஷ்டம் உள்ளவர்கள் கூடி, ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பேசும் கூட்டம் வேறு வகை. உளவளத்துணையில் அதை ஆதரவுக் குழு என்கிறார்கள். சிலர் அதற்குத் தாங்களே விரும்பி வருவார்கள். சிலரை யாராவது அனுப்பி வைப்பார்கள். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் காரியம் கெட்டுப்போகும்.

இதை விளங்கிக்கொள்ள மலையை விட்டு இறங்கி, கல்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சாய்ந்தமருதுக்குப் போவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் நெருங்கிக் கிடந்த இந்தக் கரையோர ஊர்களுக்குத்தான் பெரிய அடி. தப்பியவர்கள் முகாம்களில் இருந்தார்கள். சோறு, துணி கொடுக்க வந்தவர்களோடு, மனதைத் தேற்ற வந்தவர்களும் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள்.

நடந்ததை உடனே வாய்விட்டுச் சொன்னால் பாரம் இறங்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அது சரிவரவில்லை. பேரிடரில் இப்போதுதான் தப்பியவர்களை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் அறிவித்தது.

சாய்ந்தமருது முஸ்லிம் ஊர். புருஷனை இழந்த பெண் 4 மாதமும் 10 நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. வீடே போய் முகாமில் கிடக்கிறவளை, ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு வா என்றால் என்ன செய்வாள்? வராவிட்டால் நிவாரணப் பட்டியலில் பெயர் வெட்டுப்படுமோ என்ற பயத்தில் வந்தால், அவளும் அனுப்பி வந்தவள்தான். காகிதத்தில் அவள் விரும்பி வந்ததாகவே இருக்கும். அப்படிப்பட்டவளிடம் ஒரு பெண்ணே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் பேசினால் கேட்கலாம். பேசாவிட்டால் சும்மா இருக்கலாம், அதுவும் உதவிதான்.

நமக்கும் இது தூரத்துக் கதையில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை யார் மறப்பார்?

சாவு வீட்டுத் துயரத்தை விட, தோட்டத்தில் நாம் அதிகம் சந்திப்பது குடி. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிக்கு அடிமையான இரண்டு பேர் தொடங்கியதுதான் அநாமதேயக் குடிகாரர் குழு. குடியை விடும் ஆசை ஒன்றே அதில் சேரத் தகுதி. ஆனால் நம்மிடம் வருகிறவரைப் பெண்சாதி அழுது அனுப்பியிருப்பார், இல்லாவிட்டால் கந்தோரில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். போதைப்பொருள் என்றால், 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றமே கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

அனுப்பி வந்தவரிடம் முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஒங்கள அனுப்பி வச்சாங்கன்னு தெரியும். வந்தீங்களா இல்லையாங்கறத மட்டும் எழுதிக் குடுப்போம். பேசுறது கந்தோருக்குப் போகாது. ஆனா யாரோட உசுருக்காவது, புள்ளைங்களுக்காவது ஆபத்துன்னா, ஒங்ககிட்ட சொல்லிட்டு வெளியில சொல்லுவோம்." சொன்ன சொல்லை ஒருதரம் மீறினாலும் போச்சு, லயம் முழுக்கத் தெரிந்துவிடும். கங்காணியை நடத்துனராகப் போடவே கூடாது. காலையில் பேர் போடுகிறவர் முன்னால் மாலையில் யார் மனசைத் திறப்பார்?

வந்தவர் கோபமாகத்தான் இருப்பார். முதலில் அந்தக் கோபத்தைச் சொல்லட்டும், மறுத்துப் பேசாதீர்கள். வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தலாம், வாயைத் திறக்கக் கட்டாயப்படுத்த முடியாது. பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். மூன்று நான்கு தடவை சும்மா உட்கார்ந்திருந்தவர் ஐந்தாம் தடவை, "எனக்கும் அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதற்குமேல் தோண்டாமல் விடுங்கள்.

தானாக வந்த குழுவில் தொல்லை வேறு. ஒருவரே பேசிக்கொண்டிருப்பார், கொழுந்து கூடும் மாதத்தில் ஆள் குறையும். கொஞ்சநாளில் குழுவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

எந்தக் குழுவிலும் ஒருவர் "வாழப் பிடிக்கல்ல" என்று சொன்னால் அவரைத் தனியாக லயத்துக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கே தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். நாளைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள்.